நாற்பத்தோராவது வண்டி

கடல் உறைந்தால் ஹீயுமா தீவுக்குச் சாலை வரும்.
பிப்ரவரியில். அதுவும் எல்லா வருடமும் இல்லை.
சாலை முனையில் ஒரு தகரக் கூண்டு,
உள்ளே அஹ்தோ:
பனிக்கட்டியைத் துளைத்துக் கனம் அளப்பவன்,
வண்டி எண்களைப் பென்சிலால் எழுதுபவன்.
பேனா அங்கே உறைந்துபோகும்.

முதல் நாள் கண்ணாடியை இறக்கச் சொன்னான்.
"சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள்."
முறைத்தேன்.
"உடைந்தால் வெளியே குதிக்க வேண்டுமே, அதற்குத்தான்.
இருபத்தைந்துக்குக் கீழே போங்கள்
இல்லை, நாற்பதுக்கு மேலே.
நடுவேகம் வேண்டாம், அடியில் தண்ணீர் அலையாக எழும்பும்.
எதற்காகவும் நிற்காதீர்கள்."

பதினோரு வருடம் நடுவேகத்தில் வாழ்ந்தவள் நான்.
தார்த்து நகரில், ஒரு நோட்டரியின் மேசையில்,
ஒன்பது நிமிடத்தில் முடிந்தது.
காரில் ஒரு காப்பி இயந்திரம், இரண்டு கம்பளி, ஒரு கோடாலி.
மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள்.
மடி காலி.
பயம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

தார்வோ ஒவ்வொரு இரவும்
என் காரின் மீட்டரைப் பார்த்து நாட்காட்டியில் குறிப்பான்.
நான்கு கிலோமீட்டர் கூடினால் நான்கு கேள்வி.
அதற்குப் பிறகு
எண் எழுதும் ஆண்களை எனக்குப் பிடிப்பதில்லை.

கெர்த்லாவில் மீன் தொழிற்சாலைக் கணக்கு வேலை.
காட்டோரம் வாடகை வீடு.
இரண்டாவது வியாழன் காலை
வாசலில் பிளந்த பிர்ச் விறகு, இடுப்புயரம்.
பெயர் இல்லை, சீட்டு இல்லை.
வந்த தடம், போன தடம்.
அடுத்த வியாழனும்.
கோடாலியோடு திரைக்குப் பின்னால் நின்றேன்,
விடியும்வரை நின்று, விடியும்போது தூங்கிப்போனேன்.
யாரோ ஒருவரின் அன்பும்
நன்றாகத் தெரிந்த ஒருவனின் பகையும்
பனியில் ஒரே அளவு பூட்ஸ்தான் போடுகின்றன.

ஞாயிறு. பெருநிலத்திலிருந்து திரும்புகிறேன்.
சூரியன் விழுந்ததும் சாலை மூடும்.
கூண்டருகே நிறுத்தினேன்,
அஹ்தோ பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான்.
"அந்தக் கரையில் நாற்பத்தொரு வண்டி இறங்கியிருக்கிறது.
இங்கே ஏறியது நாற்பது."
நோட்டைத் திருப்பிக் காட்டினான்.
கடைசி எண் எனக்கு மனப்பாடம்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
கடலுக்கு வாய் உண்டு, அது விழுங்கியிருக்கும்.
சொன்னேன். எல்லாவற்றையும்,
கேட்காததையும்.
அவன் ஒன்றும் எழுதவில்லை.
"உள்ளே தாழிட்டுக்கொள்ளுங்கள், மாரிகா"
என்று ஜீப்பில் ஏறினான். பெல்ட் போடவில்லை.

கூண்டுக்குள் அடுப்பு.
அடுப்பருகே பிர்ச் கட்டைகள்,
முனையில் அதே கோணல் வெட்டு.
வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே பனிக்கட்டி
வயிற்றுக்குள்ளிருந்து முனகியது.
ரேடியோ கரகரத்தது:
"வண்டி இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கிறது.
கதவு திறந்திருக்கிறது.
தடம் உங்கள் பக்கம் வருகிறது."

ஒளிந்துகொள்ளத் தெரியும் எனக்கு.
குளியலறை, அலமாரி, தூக்கம், சிரிப்பு,
எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிறேன்.
சுவரில் பெரிய விளக்கின் சுவிட்ச்.
போட்டேன்.

ஒரு கல் தூரம் வெள்ளையாக விரிந்தது.
நடுவில் தார்வோ, கண்களைக் கையால் மறைத்துக்கொண்டு.
இவ்வளவு குட்டையா இவன்?
அவன் முதுகுக்குப் பின்னால் தூரத்தில்
இரண்டு விளக்குகள்,
நிச்சயம் நாற்பதுக்கு மேலே.

பென்சிலை எடுத்து நோட்டில் எழுதினேன்:
ஐந்து இருபது. நாற்பத்தொன்று. நடந்து வந்தான்.
கையெழுத்து நடுங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது.

போலீஸ், வாக்குமூலம், தடை உத்தரவு
எல்லாம் தொழிற்சாலைக் கணக்குபோல மெதுவாக நடந்தன.

வியாழன் காலை
தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்தேன்.
கை நிறையக் கட்டைகளோடு அஹ்தோ,
காதுவரை சிவந்து.
உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை.
குனிந்து என் வீட்டுத் தரையைப் பார்த்தான்,
தொழில் பழக்கம்,
தாங்குமா என்று.